விரத வீட்டில் ஒரு பாம்பு

அதிகம் படிக்காத நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளவும். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஹரோவில், எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தவர், தான் வளர்த்த பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். பாம்பு எலும்பு தெரிய மெலிந்திருந்தது. பெட்டியில் சூட்டு விளக்கைப் போட்டு, கடையில் விற்கும் உறைந்த எலிக்குஞ்சை வாங்கி உடனே கொடுக்கும்படி மிருக வைத்தியர் சொன்னார்.

அப்போது கந்த சஷ்டி விரதம். மாமிசம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால், விளக்கை மட்டும் போட்டுவிட்டு, விரதம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் தூக்கியபோது பாம்பு கயிறுபோலத் தொங்கியது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா அக்காவிடம் ஓடினேன். அவர் மன்னார்க் கத்தோலிக்கர்.

"விரதம் உமக்கோ, பாம்புக்கோ?" என்று கேட்டார். "எலியை வாங்கி என்ர பிரிட்ஜில மீனோட வையும். பாம்பை இஞ்ச கொண்டுவாரும்."

"உங்களுக்குப் பயமில்லையோ அக்கா?"

"பயம்தான். நான் கதவுக்கு வெளியில நிக்கிறன்."

அவருடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெந்நீரில் இளக்கிய எலிக்குஞ்சை இடுக்கியால் நீட்டினேன். பாம்பு வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல வாய் திறந்து விழுங்கியது.

இப்போதெல்லாம் என் விரதத்தை என்னோடு வைத்துக்கொள்கிறேன். பாம்புக்கு உணவு தவறுவதில்லை.

அன்று எலியை விழுங்கிய மறுநாள் பாம்பு தண்ணீர் குடித்தது. அதைப் பார்த்த பிறகே நான் வேலைக்குப் போனேன்.