காலும் காளும்

அருள்ஜோசப் கல்லாவி ஊர்க்காரன். யுத்தத்தில் பட்டாளத்துக் கடிதங்களை மோட்டார் சைக்கிளில் சுமந்தவன். யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் அதே மாதிரி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்து சேர்ந்தான். எங்கள் டூரிங் டாக்கீசுக்குப் பெங்களூரிலிருந்து படப்பெட்டி கொண்டுவருவதும், இங்கே ஓடி முடிந்ததைக் கிருஷ்ணகிரிக் கொட்டகைக்குச் சேர்ப்பதும் அவன் வேலை. நான் அங்கே ஆபரேட்டர். பெட்டி ஒருநாள்கூடத் தாமதமானதில்லை என்று அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் அவன் குடியைக் கெடுத்தது என்று நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஐம்பத்தொன்றில் ஒரு மத்தியானம், கிருஷ்ணகிரி மாதா கோயில் திருவிழாவுக்கென்று மனைவி அன்னமேரியைப் பின்னால் உட்காரவைத்து, பெட்டியைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினான். சானமாவுக் காட்டோரம் ரோட்டில் யானை நின்றது. பஸ்காரன் எட்டவே நிறுத்திவிட்டான். அன்னமேரியும் நிறுத்தச் சொன்னாள். இவன்தான் பெரிய சூரனாயிற்றே, ஓரமாகப் புகுந்துவிடலாம் என்று முறுக்கினான். யானை தலையை ஆட்டியதுதான் தாமதம், வண்டி பள்ளத்தில் விழுந்தது. அவள் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எழுந்தவன் முதலில் ஓடிப்போய்த் தூக்கியது படப்பெட்டியை. அதை அவள் கண்ணால் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு சமைத்துப் போட்டாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அளவு கொடுத்து மரக்காலுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்துத் தயாராகிவிட்டதென்று கடிதம் வந்தது. அன்றைக்கு என் அறைக்கு வந்து சொன்னான்.

"அண்ணா, காலக் கொண்டாந்து அவ முன்னாடி வெச்சி, என்ன மன்னிச்சுடுன்னு கேக்கப்போறேன். அது கைல இல்லாம கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல."

"கேளுடா. இன்னும் முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றேன்.

அப்போது மைசூர் எல்லையில் தானியக் கெடுபிடி. அந்தப் பக்கத்திலிருந்து ஒருபடி கேழ்வரகு இந்தப் பக்கம் வந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள். அருள்ஜோசப் காலை வாங்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து திரும்பும்போது சாவடியில் நின்ற காவலாளி பெயர் கரியப்பன். வண்டியின் பின்னால் கட்டியிருந்த சாக்கு மூட்டையைக் காட்டி, "ஏனிது?" என்று கேட்டான்.

கன்னடத்தில் கால் என்றாலும் நம் கால்தான். 'கால்' என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அருள்ஜோசப்புக்குக் கன்னடம் என்றால் நம் ல எல்லாவற்றையும் ள ஆக்கிவிடுவது என்று ஒரு நினைப்பு. நான் கிண்டல் பண்ணியும் திருந்தவில்லை. பவ்யமாக, "காளு சார், ஹெண்டத்தி காளு" என்றான். காளு என்றால் அவர்களுக்குத் தானியம். பெண்டாட்டியின் தானியம்!

"எஷ்டு?" என்றான் கரியப்பன். எவ்வளவு என்று கேட்கிறான்.

"ஒந்தே" என்று இவன் ஒற்றை விரலைக் காட்டினான்.

ஒரு மூட்டையை ஒப்புக்கொண்டாயிற்று. கரியப்பன் குத்தூசியைச் சாக்கில் இறக்கினான். அது மரத்தில் நின்றது. பிரித்தால் தோல்வார் வைத்த கால். கரியப்பனே சிரித்துவிட்டானாம். உள்ளே இருந்த அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தானியம் என்று ஒப்புக்கொண்டவன் ஏன் கால் வைத்திருக்கிறான், கால் உள்ளே ஏன் குடைந்திருக்கிறது, அதில் எதைப் போட்டுக் கடத்துவான் என்று தோண்டித் துருவினார். கடைசியில், "காலுக்கு உரியவங்க நேர்ல வந்து மாட்டிக் காட்டட்டும்" என்று பூட்டி வைத்துவிட்டார். கால் இல்லாதவள் கால் வாங்க நடந்து வரவேண்டும்! அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அருள்ஜோசப் வெறுங்கையோடு வந்து நடந்ததைச் சொன்னான். அன்னமேரி கேட்டுக்கொண்டு, "காலைல பஸ்ல போறேன். அண்ணன் தொணைக்கி வரட்டும்" என்றாள். மோட்டார் சைக்கிளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளை நானும் கண்டக்டருமாகத் தூக்கி ஏற்றினோம். கையில் ஒரு துணிப்பை இருந்தது. என்னம்மா என்று கேட்டேன். "மாத்துப் பொடவைங்கண்ணா" என்றாள். பஸ்ஸுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டு அவன் வண்டியில் வந்தான்.

சாவடியில் பஸ்ஸைச் சோதனைக்கு நிறுத்தினார்கள். அதிகாரி காலை மேசைமேல் வைத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கூடப் போகக் கிளம்பிய அருள்ஜோசப்பிடம், "வேணாம்" என்று கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தவள், பிறகு சுவரையும் விட்டாள். கரியப்பன் அவசரமாகப் பெஞ்சை நகர்த்தி வழிவிட்டான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "சரி, போகலாம்" என்றார்.

அத்தனை பேர் பார்க்க அருள்ஜோசப் அவள் முன்னால் போய் நின்றான். "அன்னம், என்ன மன்னிச்சுடு" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது.

"அன்னிக்கி மொதல்ல எதத் தூக்குனீங்க?"

அவன் கண் வண்டியில் பெட்டி கட்டுகிற பக்கம் போயிற்று.

"அதயே பாத்துக்குங்க. நான் பெங்களூருக்கு, பிளாக்பள்ளில அக்கா ஊட்டுக்குப் போறேன்."

கட்டையை என் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தாள், ஆனால் நடந்தாள். படியேற யாரையும் தொடவிடவில்லை. பெங்களூர் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கால் கடைசிவரை எல்லையைத் தாண்டி ஓசூருக்கு வரவேயில்லை.

படப்பெட்டி கட்டுகிற இடத்தில் கட்டையைக் கட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

தானியக் கெடுபிடி இருந்தவரைக்கும் வாரம் இரண்டு தரம் அவன் அந்தச் சாவடியைத் தாண்டினான். பெட்டி தாமதமாவதைப் பற்றி அதன்பின் அவனுக்குக் கவலையிருக்கவில்லை. கரியப்பன் அவனைத் தெரிந்தும், முறைக்காக, "ஏனிதெ?" என்பான், என்ன இருக்கிறது என்று.

"ஏனூ இல்ல" என்பான் அருள்ஜோசப். ஒன்றுமில்லை என்று அர்த்தம். கன்னடத்தில் அதை மட்டும் தப்பில்லாமல் சொல்லுவான்.