முன்னறைக்கு எட்டாத ஒயர்

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கச் சிவகங்கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றதும், வளைகுடாவில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். லீவு கிடைக்காது, ஆனால் சம்மதத்தை அவர் வாயால்தான் சொல்வார், அதுவும் சபையில் முகம் தெரிய. அவர் இருக்கும் இடத்தில் நாம் பழகிய வீடியோ அழைப்பு எதுவும் தடையால் எடுபடாது. அறையில் கூட இருப்பவர் காட்டிய ஓப்பன் சோர்ஸ் என்கிற திறந்த மூலச் செயலி ஒன்றுதான் ஓடுகிறதாம். நாலு பேர் பார்க்கப் பெரிய திரை வேண்டும், வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு வை என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்? கம்ப்யூட்டர் படிப்பு படிக்கிறவள் மகள். அவளைக் கேட்டால், தெரியாது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன்.

அந்தச் செயலியை இறக்கும் இணையப் பக்கத்தில் ஏழெட்டுப் பொத்தான்கள். ஒன்றில் சோர்ஸ், அதாவது மூலம், என்று இருந்தது. அசல் இருக்க நகல் எதற்கு என்று அதைத் தட்டினேன். நூற்றுக்கணக்கில் கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்றும் மனுஷர் படிக்கிற மாதிரி இல்லை. செயலி செய்கிறவர்களுக்கு உரியதாம் அது, நமக்கு வேறு பொத்தானாம், அவர் போனில் சொன்னார். யாரும் உள்ளே பார்க்கலாம் என்று பெருமையாக வேறு போட்டிருந்தது. எங்கள் சம்பந்தப் பேச்சையுமா ஊர் பார்க்கும்? செயலி செய்த விதத்தைத்தான் பார்க்கலாம், பேச்சை இல்லை என்று அவர் விளக்கியது பாதிதான் விளங்கியது.

போன் நம்பர்கூடக் கேட்காமல் கணக்குத் திறந்தது. சந்தேகப்பட்டு அழித்துவிட்டு மறுபடி திறந்ததில் முகவரி மாறிவிட்டது. அவரோ இரண்டு நாள் பழைய முகவரிக்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புது முகவரியை, முழ நீளத்துக்கு இருந்ததை, போனில் எழுத்தெழுத்தாக ஒப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்துவிட்டார்கள். முன்னறையில் ஆண்கள், உள்ளறையில் பெண்கள், நடுவே திரைச்சீலை. கம்ப்யூட்டர் எங்கள் பக்கம் இருந்தது. முன்னறைக்கு நகர்த்தப் பார்த்தால் இன்டர்நெட் ஒயர் ஒரு முழம் எட்டவில்லை. பெண்களை அடுப்படிக்கு அனுப்புவதா, ஆண்களை உள்ளே அழைப்பதா என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே அழைப்பு வந்தது. பக்கத்தில் நின்ற மகள் எடுத்துவிட்டாள்.

சபையை எதிர்பார்த்து வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த மனிதர், மகள் முகத்தைக் கண்டதும் சபையை மறந்துவிட்டார்.

"உனக்குச் சம்மதந்தானம்மா?"

"என்னைய யாருமே கேக்கல அத்தா. படிப்ப முடிச்சுக்கிறேனே."

ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அவளை அறையலாம் போலவும் இருந்தது. யாருமே என்றாளே, அதில் நானும் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது.

"அப்ப நான் எப்படிச் சரின்னு சொல்லுவேன்? நீயே அவுககிட்டச் சொல்லிரு" என்றார் அவர், என்னிடம்.

திரைச்சீலை ஓரம் போய் நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்கிறாதீக. அவ படிப்பு முடியட்டும்னு அவ அத்தாவும் நானும் நெனைக்கிறோம்."

வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஒரே வீட்டில் இருக்கும் நான் முதல் நாளே அவளைக் கேட்டிருந்தால், அந்தச் செயலியே தேவைப்பட்டிருக்காது.