கார்பாலிக் கிண்ணமும் எங்கள் வீட்டு இடுக்கியும்

என் மனைவிக்கு முதுகில் கட்டி பழுத்து, மல்லாந்து படுக்கவும் முடியாமல் போனபோது, கண்டனூரிலிருந்து வண்டி கட்டிக் காரைக்குடி தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கீறினால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். முருகன் விட்ட வழி என்று சம்மதித்தேனே தவிர, எவன் சீழில் பட்ட கத்தியோ என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

கத்திகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவையே கண்காணித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கவைத்தால் முனை மழுங்கும் என்று கத்திகளை மட்டும் கிருமி கொல்லும் கார்பாலிக் மருந்தில் ஊறவைப்பது அங்கே வழக்கம். ஊறியதை எடுத்து, ஆறிய வெந்நீரில் அலசி, அவித்த துணியில் பரப்பினாள். டாக்டர் கை கழுவப் போயிருந்தார். என் மனைவி பயத்தில், முந்தானையில் முடிந்திருந்த குன்றக்குடித் திருநீற்றைக் கத்திமேல் தூவிவிட்டாள். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

ஆயா கத்தியை மறுபடி மருந்துக்குள் போட்டாள். சாமி திருநீற்றை ஏன் கழுவுகிறாள் என்று பார்த்தபோதுதான் அவள் விரல்கள் கண்ணில் பட்டன. வெள்ளை வெளேரென்று தோல் உரிந்திருந்தது. ஓர் எட்டுப் பின்வாங்கினேன்.

“ஏம்மா, கையில என்ன அது?”

“பெருநோயின்னு நெனைக்கிறீகளா? மருந்து தின்ன கை. இந்தா, நீங்களும் ஒரு விரல விட்டுப் பாருங்க.”

விட்டேன். சுரீரென்று எரிந்து, பிறகு மரத்து, நுனி வெளுத்தது. இதையா என் மனைவி உடம்புக்குள் விடப்போகிறார்கள் என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது; வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“அதுக்குத்தான அலசுறேன்” என்றாள் ஆயா. “நின்னு பாருங்க, ஆனா அங்குட்டு நில்லுங்க. ஆச்சி, திருநீறு உங்க நெத்திக்குப் போதும், கத்திக்கு வேண்டாம்.”

குப்புறப் படுத்திருந்த என் மனைவி, “அவுகளுக்கு நான் வைக்கிற ரசத்து மேலயே சந்தேகம்” என்றாள்.

“கைய விடாம, கத்திய இடுக்கியால எடுத்தா என்ன?” என்றேன் ஆயாவிடம்.

“இருந்த ஒண்ணும் ஒடிஞ்சு போச்சு. புதுசு கேட்டிருக்காக, இன்னும் வரல.”

இரண்டாம் முறை அலசியதை நின்று பார்த்த பிறகே கீறவிட்டேன். சீழ் வெளியேறி, அவள் அனத்தியபடியே உறங்கினாள்.

மறுநாள் கட்டுப் பிரிக்குமுன் எங்கள் அடுப்படி இடுக்கியைக் கொண்டுபோய் ஆயாவிடம் கொடுத்தேன். தோல் உரிந்த கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“மொதல்ல அத நல்லா அவிச்சிருங்க” என்றேன்.

“ஒங்க வீட்டு இடுக்கி மேலயுமா சந்தேகம்?”

“ஆமா” என்றேன். அது கொதித்து முடியும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.