வெள்ளிக்கிழமை நாற்காலி

பிள்ளையார்பாளையத்தில் அம்சவேணி டீச்சரின் பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, நாற்பத்து மூன்று பிள்ளைகள், இரண்டு கரும்பலகை. அவ்வளவுதான். இரண்டு தெரு தள்ளி அரசுப் பள்ளி. மைதானம், மதியச் சாப்பாடு, எல்லாம் இலவசம். அப்படியிருந்தும் நெசவாளி வீட்டுச் சனம் பணம் கட்டி இவரிடம்தான் பிள்ளைகளை அனுப்பியது. கிறுக்கா அவர்களுக்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். தறியை விட்டு எழுந்த கையோடு பெற்றவர்கள் வருவார்கள். முதலாளி சேலையைப் பிரித்துப் பார்ப்பதுபோல நோட்டைப் புரட்டுவார்கள். "இன்னாம்மா, போன வாரமும் ஏழாம் வாய்ப்பாடு, இந்த வாரமும் ஏழாம் வாய்ப்பாடா?" என்று மடக்குவார்கள். டீச்சருக்குக் கோபமே வராது. அந்தக் கேள்விகளுக்குப் பயந்துதான் தான் ஒழுங்காகப் பாடம் நடத்துவதாகச் சொல்லிச் சிரிப்பார்.

ஏப்ரலில் நோட்டீஸ் வந்தது. மைதானம் இல்லை, அங்கீகாரம் இல்லை, மூடு. கொண்டுவந்த அதிகாரி உதயகுமார் நல்ல மனிதர். தன் பிள்ளையின் நோட்டைப் பார்க்க வந்திருந்த துர்காதேவியிடம், "சும்மா சொல்லித்தர்ற ஸ்கூல் இருக்கும்போது இங்க ஏம்மா துட்டு குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"துட்டு குடுத்தா கேக்கலாம் சார். அங்க யாருகிட்ட போயி கேக்கறது?"

ஜூனில் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது.

டீச்சர் ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, நாற்பத்து மூன்று பேரையும் அரசுப் பள்ளிக்கு அவரே அழைத்துப் போனார். பிள்ளைகள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் கலியாணசுந்தரத்துக்கு வாயெல்லாம் பல்.

"சேத்துக்குங்க சார். ஆனா வெள்ளிக்கிழமை வாசல்ல நாற்காலி போட்டு நீங்க உக்காரணும். அவங்க கேப்பாங்க."

"ஃபீஸ் கட்றவங்களாம்மா இவங்க, கேக்கறதுக்கு?"

"வரி கட்றாங்களே சார். இங்கயும் துட்டு குடுத்துக்கினுதான் இருக்காங்க. யாரும் அவங்ககிட்ட சொல்லல, அவ்ளோதான்."

தலைமையாசிரியர் அரைமனதாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை டீச்சருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கு எதிர்த்தெரு முனையில் போய் நின்றார். நாற்காலி போட்டிருந்தது. தலைமையாசிரியரும் உட்கார்ந்திருந்தார். வரத்தான் ஆளில்லை. ஐந்து மணி, ஐந்தேகால். அரசாங்க வாசல் என்றதும் சனத்துக்கு வாய் அடைத்துவிட்டதோ என்று டீச்சர் தெருவை எட்டி எட்டிப் பார்த்தார்.

அப்போது துர்காதேவி வந்தாள். கேட்டருகே தயங்கினாள். பிறகு உள்ளே போய் நோட்டைப் பிரித்தாள். "சார், எட்டாம் வாய்ப்பாடு எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று அவள் கேட்டது தெருமுனை வரை கேட்டது.

தலைமையாசிரியர் எழுந்தார். உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து எதிரே போட்டார். "உக்காருங்கம்மா, பேசலாம்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருடைய கொட்டகை வாசலில் பெற்றவர்கள் எப்போதும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். இரண்டாவது நாற்காலிக்கு அங்கே இடம் இருந்ததில்லை.