கொஞ்சம் உப்புக்கு எவ்வளவு போடலாம்

இரண்டாயிரங்களின் நடுவில், அரியாங்குப்பத்தில் எந்தத் தெருவுக்கு முதலில் குடிநீர்க் குழாய் போடுவது என்று கணக்கெடுக்கும் வேலை எனக்கு. போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று தெருவுக்குப் பத்து வீட்டில் கேட்டு, சைபருக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் போட வேண்டும். சராசரி அரையைத் தாண்டினால் குழாய். உப்பு, உப்பில்லை என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது, இதற்குப் பெயர் ஃபஸி லாஜிக் என்றார் எங்கள் சார், தானே கண்டுபிடித்த மாதிரி.

சனங்கள் பாவம், பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். சோப்பு நுரைக்காத உப்பு, பருப்பு வேகாத உப்பு என்று ஆளுக்கொரு அளவு. "மாமியாருக்குக் குடுக்கலாம், மாப்ளைக்குக் குடுக்க முடியாது" என்றார் ஒரு அம்மா. அதற்கு பாயிண்ட் ஆறு போட்டேன்.

அடுத்து ஒரு தெரு, நாற்பது வீடு. எந்தப் பத்து வீட்டைச் சேர்த்தால் முழுத் தெரு மாதிரியே இருக்கும் என்று, வீட்டு வரி லிஸ்டை வைத்து எல்லாப் பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டார் சார். அப்படிக் கோடிக்கணக்கான பத்து உண்டாம். திங்கட்கிழமை ஆரம்பித்தது வியாழக்கிழமையும் ஓடியது. வெள்ளிக்கிழமை சுவிட்சை அணைத்துவிட்டு, "நீயே பாத்து எடுத்துட்டு வா" என்றார்.

நானும் எடுத்தேன், பகல் பதினோரு மணிக்கு. கேட் திறந்திருந்த வீடு, நாய் இல்லாத வீடு, மோர் கொடுத்த வீடு. சராசரி பாயிண்ட் மூன்று. தெருவுக்குக் குழாய் இல்லை.

குழாய் போடும் தெருக்களின் லிஸ்ட் மேலே போவதற்குள், ஒரு சாயங்காலம் அந்தத் தெருக் கடைசி வீட்டு அக்கா என்னை பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டார். தையல் கம்பெனி வேலை. விடியற்காலை பக்கத்துத் தெருவில் நாலு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும்.

"ஏந்தம்பி, மோர் குடுத்த வூட்லதான் கேட்டியாமே. அவங்க கேன் தண்ணி வாங்கி மோர் கரைக்கிறாங்க. ஏழு மணிக்கே பூட்டிட்டுப் போறமே, எங்கள யாரு கேப்பா?"

சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் அதில் டீ போட்டு சார் மேசையில் வைத்தேன். ஒரு வாய் குடித்தவர் துப்ப இடம் தேடி ஜன்னலைப் பார்த்தார். எவ்வளவு போடலாம் என்று கேட்டேன். பூட்டின வீட்டையும் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

பகலில் பாதி வீடு பூட்டித்தான் கிடந்தது. அதனால் திறந்த வீடு ஐந்து, பூட்டின வீடு ஐந்து என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தேன். பூட்டின வீடுகளுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனேன். சராசரி அரையைத் தாண்டி, கொஞ்சம் மூச்சு வாங்கி நின்றது.

சீட்டில் அக்கா வீடும் வந்திருந்தது. எவ்வளவு போட்டாய் என்றார். பாயிண்ட் ஒன்பது என்றேன்.

"ஏன், முழுசா ஒண்ணு போட்டா என்னா?"

"அது கடலுக்குன்னு வெச்சிருக்கோம்க்கா."

"அதுக்கும் குழா போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினார். குழாய் வரும்வரை குடம் தூக்கித்தானே ஆக வேண்டும்.