நம்மாளு துப்பாக்கி

எங்கள் ஊர்க் கம்பெனி செய்த ஹெரான் ரிவால்வர் ஏன் நின்றுபோனது என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். விலை, என்பார் ஒருவர். ஒரு ஹெரான் வாங்கும் காசுக்கு இரண்டு பிஸ்டல் வாங்கலாம், அதில் குண்டும் கூடப் பிடிக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ஆள் அரை நாள் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கம்பெனி தாங்கும், என்பார் இன்னொருவர். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றோரம் எங்கள் போலந்துக்காரர் தெருவில் போய்க் கேட்டுப்பாருங்கள். "கடோம்ஸ்கி பையன் கெடுத்தான்" என்பார்கள். அந்தப் பையனைப் பெற்ற ப்ரூனோ கடோம்ஸ்கியின் கதை இது.

ப்ரூனோ, ஹெரானுக்குக் கடைசிக் கை வைக்கும் ஃபிட்டர். குண்டு போடும் உருளை சுழன்று வந்து குழலுக்கு நேராக நிற்க வேண்டும். நின்றபின் இம்மியும் ஆடக் கூடாது. அவர் துப்பாக்கியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால்தான் கீழே வைப்பார். சர்ச்சில் மணி அடிக்கும்போதுகூட அவர் கை சும்மா இருக்காது, முன்பெஞ்சின் ஆணியைத் திருகிக்கொண்டிருக்கும் என்று அவர் மனைவி ஹெலன் சலித்துக்கொள்வாள்.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. சுடச்சுட இரும்பு சூடேறி உப்பும், கரி படியும், அதற்கு இடம் வேண்டாமா? ஆனால் ஃபிட்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மச்சானுக்கோ, பாதிரியாரின் தம்பிக்கோ போகிற துப்பாக்கி என்றால் அந்த இடைவெளியை இன்னும் இறுக்கிவிடுவார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகூடத் தெரியாது. அதற்குப் பெயர் 'நம்மாளு துப்பாக்கி'. வாங்கிய மச்சான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆறு குண்டு சுடுவார், துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். அதனால் ஒருநாளும் குறை வந்ததில்லை. இதில் ப்ரூனோவின் கை போலக் கை கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மகன் ரேமண்ட் ஊர் போலீஸில் இருந்தான். துப்பாக்கிப் பயிற்சி அவன் பொறுப்பு. போலீஸ் தலைவர் பிஸ்டலுக்கு மாறுவதென்று முடிவே கட்டிவிட்டார். ஹெரானுக்கும் ஒரு சோதனை வையுங்கள் என்று அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவன் ரேமண்ட். இந்த ஊர் வாங்கினால் பக்கத்து ஊர்களும் வாங்கும். வாங்காவிட்டால் ஹெரான் செய்யும் வரிசையையே மூடுவோம் என்று கம்பெனி வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

சோதனைக்கென்று அலமாரியிலிருந்து சாதாரண ஹெரான் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். அதையே விட்டிருக்கலாம். முந்நூறு குண்டானாலும் முனகாமல் சுட்டிருக்கும். ப்ரூனோவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. சுடப்போவது தன் பிள்ளை அல்லவா? யாருக்கும் சொல்லாமல் தான் இறுக்கிய ஒன்றைப் பெட்டியில் மாற்றி வைத்தார்.

ரேமண்ட் சுட ஆரம்பித்தபோது பிஸ்டல்தான் வேண்டும் என்றிருந்த போலீஸ்காரர்களே வாயடைத்து நின்றார்கள். முதல் ஐம்பது குண்டும் ஒரே இடத்தில். கயிற்றுக்கு வெளியே நின்ற ப்ரூனோவுக்கு நெஞ்சு விம்மியது. கொஞ்ச நேரத்தில் உருளை கனத்தது. ரேமண்டின் விரல் திணறுவதை அவர் கண்டார். பிறகு அது நின்றேவிட்டது. இழுத்தும் வரவில்லை, தட்டியும் வரவில்லை.

ரேமண்ட் துப்பாக்கியை வெளிச்சத்தில் தூக்கி, குழலின் அடியைப் பார்த்தான். ஃபிட்டர் வீட்டில் வளர்ந்தவன், ஒரு பார்வை போதும் அவனுக்கு. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலைவரிடம் சொன்னான்: "என் தப்பு சார். வீட்ல நானே அடைச்ச பழைய குண்டு. காலைல துடைக்கவும் இல்ல."

"அப்பன் செஞ்சு குடுத்ததையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியல," என்றார் தலைவர். "இதுல ஊர் போலீஸ் பூரா இதையே வாங்கணுமாக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ப்ரூனோ வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல நின்றார். நான்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. திரும்பும் வழியில் ரேமண்ட், அம்மா இன்றைக்கு முட்டைக்கோஸ் உருண்டை செய்கிறாளா என்று மட்டும் கேட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ப்ரூனோவுக்கு.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மறுநாள், குறை எங்கே என்று பார்க்கத் துப்பாக்கி கம்பெனிக்குத் திரும்பி, அவர் மேஜைக்கே வந்தது. மத்தியானம் டெட் கோசியெல் அளந்து பார்ப்பார். டெட், சரிபார்க்கும் ஆள், ப்ரூனோவின் பழைய கூட்டாளி. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் ப்ரூனோ அரத்தை எடுத்துக் குழலின் அடியை லேசாக இழைத்தார். இடைவெளி கம்பெனி கணக்குக்கு வந்துவிட்டது. டெட் அளந்தார். துப்பாக்கியில் ஒரு குற்றமும் இல்லை என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஆட்களுக்கெல்லாம் சந்தோஷம், நம் வேலை சுத்தம் என்று. கெட்ட பெயர் மொத்தமும் ரேமண்ட் தலையில் விழுந்தது.

ஊர் போலீஸ் பிஸ்டலையே வாங்கியது; பனி விழுந்த நாட்களில் ஹெரான் வரிசையை மூடினார்கள். ஃபிட்டர்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், மீதிப் பேரை வேட்டைத் துப்பாக்கிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் சர்ச் நிலவறையில் மீன் வறுவல் சாப்பாடு உண்டு. ப்ரூனோ அங்கே பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தபோது ரேமண்ட் தட்டோடு வந்தான். நின்றான். யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. ஒருவர் தன் கோட்டைக் கழற்றிக் காலி நாற்காலியில் போட்டார்.

ப்ரூனோ எழுந்துவிட்டார். கூனிக் குறுகிப்போய், மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன் மேல தப்பே இல்ல. நான்தான் நம்மாளு துப்பாக்கியா மாத்தி வச்சேன். டெட் அளக்கறதுக்கு முன்னாடி நானே அரம் போட்டுட்டேன்."

டெட் அவர் தோளில் கையைப் போட்டு உட்கார வைத்தார். "நல்ல அப்பன்டா நீ," என்றார், கண் கலங்கி. "எங்கப்பா எனக்காக இப்படிப் பொய் சொல்லியிருக்க மாட்டாரு. நானே அளந்தேன்டா, எனக்குத் தெரியாதா?"

மற்றவர்களும் தலையாட்டினார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்றார் ப்ரூனோ. ஆமாம் ஆமாம் என்று முதுகைத் தட்டினார்கள். ரேமண்ட், "விடுங்கப்பா, மீன் ஆறுது," என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக் கதவோரம் போய்த் தனியாக உட்கார்ந்தான்.

யாரோ ப்ரூனோவுக்கு ஒரு பியர் வாங்கி வந்து முன்னால் வைத்தார்கள். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாசமாக. அவர் அதை எடுத்துக் குடித்தார்.