கல்லறையிலும் கால்பந்து எழுத்து

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், கெட்டில் க்ரீக் ஊரின் பெயர்ப்பலகைக் கடைக்காரர் டெல்மர் ஹ்ருஸ்காவுக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடக் கால்பந்துச் சட்டையின் முதுகில் இருக்குமே, அதுதான். வளைவு என்ற பேச்சே கிடையாது. வட்டமான ஆங்கில ஓ எழுத்தும்கூட மூலை நறுக்கிய பெட்டி. ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் செங்கல் மாதிரி ஒரு கட்டை. மைதானத்தின் கடைசி வரிசையிலிருந்தும் கண்ணில் அடிக்கும். அந்த வேலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதையே கேக் கடைக்கும் பல் டாக்டருக்கும் எழுதினால் விளங்குமா? பல் டாக்டர் வாசலில் குழந்தைகள் உள்ளே வரமாட்டோம் என்று அலறின.

இத்தனைக்கும் இளவயதில் மனுஷர் மைதானத்தில் கிழித்தது ஒன்றுமில்லை. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததோடு சரி.

ஊர்க் கிழவர் எமில் இறந்தபோது டெல்மர்தான் சர்ச் வாசலில் அஞ்சலிக் கூட்டத்துக்குப் பலகை வைத்தார். எமில் பெயர், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. வெள்ளி ஏழு மணி என்றால் அந்த ஊரில் கால்பந்துதானே! காரில் போனவர்கள் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, சிவப்புச் சட்டையும் கக்கத்தில் பெஞ்சில் போட்டு உட்காரும் மெத்தையுமாக வந்து இறங்கினார்கள். எமிலின் மனைவி முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. டெல்மருக்கு வெட்கமா வந்தது?

"கூட்டம் வந்துச்சா இல்லையா?" என்றார்.

மனைவி ஆர்டித் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். கல்யாணக் கேக்கிலேயே அந்த எழுத்தை விழுங்கியவள். அவள் கேட்டது ஒன்றுதான். அந்த ஊரில் உயிரோடிருக்கும்போதே தம்பதிக்குச் சேர்த்துக் கல்லறைக் கல் வெட்டி, இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்பார்கள். "என் பேரை மட்டும் மெல்லிசா, கையெழுத்து மாதிரி சாய்வா வெட்டச் சொல்லு" என்றாள். அவரும் தலையாட்டினார்.

கல் வந்தது. ஆர்டித், தடித்தடியாக. கீழே பிறந்த வருஷம், ஆட்டக்காரர் சட்டை நம்பர் மாதிரி பெரிதாக 48.

"டெல்மர், நான் எந்த இடத்துல ஆடணும்?"

"ரோட்டுலேருந்தே படிக்கலாம், தெரியுமா!"

"செத்தவளை ரோட்டுலேருந்து எவன்யா படிக்கணும்?"

"சும்மா தொணதொணக்காதே. நூறு வருஷம் நிக்கும்."

ஆர்டித் கல்லை இன்னொரு தடவை பார்த்தாள். செத்த பிறகுமா இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும்? தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு ஹேவன் ஊருக்குப் போனாள். கெட்டில் க்ரீக்கை வருஷாவருஷம் கால்பந்தில் மண்ணைக் கவ்வவைக்கும் எதிரி ஊர் அது. அங்கே அவள் தங்கையின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் வாங்கி, கல்லும் வெட்டவைத்தாள். பிறகு டெல்மரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினாள்.

"போயும் போயும் ஹேவன்லயா!" என்று குதித்தார் டெல்மர். "எங்கே கல்லு? இங்கேருந்து ஒரு எழவும் தெரியலையே."

"இறங்கி வா."

இறங்கினார். கிட்டப் போனார். அப்போதும் பிடிபடாமல், முனகிக்கொண்டே புல்லில் முட்டி போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். நூல் மாதிரி ஓடிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"அப்போ அங்கே, என் பக்கத்துல?"

"48 காலியாவே கிடக்கட்டும்" என்றாள் ஆர்டித். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் என் பேரைப் படிக்கக் கிட்ட வந்திருக்கே."